அந்த ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன்!

ஆலங்குடியில் ஒரு சின்ன லேபில் 26 வருடங்களாக ரத்தப் பரிசோதனை செய்துவருகிறேன். சர்க்கரை, உப்பு, டைபாய்டு, டெங்கு என்று எங்கள் ஊரிலும், வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமும் என்னிடம் கை நீட்டாத குடும்பம் குறைவு. ‘அக்கா ஊசி போட்டா வலிக்காது’ என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் ஒருநாள் என் பேத்தியின் உயிரோடு விளையாடியது.

என் பீரோவில், பத்திரங்களோடு ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கிறது. நானே எடுத்த ரத்தம், நானே செய்த பரிசோதனை, நானே போட்ட கையெழுத்து. ‘சி.ஆர்.பி: நெகட்டிவ்’ என்று எழுதியிருக்கும். அதில் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அது உண்மைதான். அந்தத் தாளை நம்பி நான் வீட்டில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள்

2022 ஆனி மாதம். பலாப்பழ சீசன். எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே பழ வாசனை ஆளைத் தூக்கும். மகளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை, சுகப்பிரசவம், எடை 2 கிலோ 600 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

வீடு நிறைய ஆட்கள். சம்பந்தி வீட்டார், என் நாத்தனார், பக்கத்து வீட்டு அப்பாயி என்று ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஒரு பெரியவர் சேனை வைக்கிறேன் என்று விரலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தார். கை கழுவினாரா என்று நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ‘தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் கொடுக்காதீங்க’ என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பெரியவர் மனசு நோகக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் லேபுக்கு மகள் போன் செய்தாள்.

“அம்மா, இவ காலையிலேருந்து சரியாவே குடிக்கல. நாலு இழுப்பு இழுக்குறா, தூங்கிடுறா. எழுப்பி எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கு. நேத்து இப்படி இல்ல.”

“பச்சப்புள்ள தூங்கத்தாண்டி செய்யும்” என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “மாப்பிள்ளையோட வண்டியில லேபுக்குத் தூக்கிட்டு வா. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்” என்றேன்.

இங்கேதான் முதல் தப்பு. ஐந்து நாள் குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நானோ லேபுக்கு வரச் சொன்னேன். நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

கையில் நரம்பு பார்த்து ரத்தம் எடுத்தேன். ஊசி குத்தியபோது குழந்தை அழுதாள். ஆனால் அந்த அழுகையில் பலம் இல்லை. இப்போது நினைத்தால் அதுவே ஒரு பதில்தான். அப்போது என் கவனமெல்லாம் டியூபின் மேல் இருந்தது.

சி.ஆர்.பி பரிசோதனை பார்க்க எளிமையானது. ரத்தத்தைச் சுழற்றும் மெஷினில் போட்டு, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். கறுப்பு ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், அதோடு பால் நிறத்தில் இருக்கும் லேட்டக்ஸ் மருந்து ஒரு சொட்டு. குச்சியால் கலந்து இரண்டு நிமிடம் ஸ்லைடை மெதுவாக ஆட்ட வேண்டும். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகக் கட்டினால் பாசிட்டிவ். வழவழவென்று அப்படியே இருந்தால் நெகட்டிவ்.

இரண்டு நிமிடம் ஆட்டினேன். திரியவில்லை. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் சரியாகத்தான் இருந்தது.

“ஒண்ணும் இல்லடி, நெகட்டிவ்தான். தைரியமாப் போ” என்றேன். மாப்பிள்ளை முகத்தில் நிம்மதி. மகள் மட்டும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேப்பர் சரியாத்தான் இருக்கு. ஆனா புள்ள சரியா இல்லம்மா” என்றாள்.

“நீ டாக்டரா, நான் டாக்டரா?” என்று அதட்டினேன். நாங்கள் ரெண்டு பேருமே டாக்டர் இல்லை.

இரவு பதினொன்றரை

ஒன்பது மணிக்குக் குழந்தையின் கால் சில்லென்று இருந்தது. மழை பெய்யவில்லை, ஃபேன்கூட ஓடவில்லை. பக்கத்து வீட்டு அப்பாயி வந்து பார்த்துவிட்டு, “இது மாந்தம். வசம்பச் சுட்டு உரைச்சுக் குடு” என்றார். மகள் முடியாது என்று சொல்லிவிட்டாள். குழந்தையைத் தன் மார்போடு அணைத்து, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு மூச்சு விடும்போது ஒரு முனகல் சத்தம். ‘ம்... ம்...’ என்று ஒவ்வொரு மூச்சுக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். 68. பச்சிளம் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் ஆபத்து. இதை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் நானே பல தடவை படித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை 108-க்கு போன் செய்தார். வண்டி வந்ததும் அதிலிருந்த தம்பி குழந்தையின் நெஞ்சைப் பார்த்தார். “அக்கா, குழந்தைய உங்க நெஞ்சோட ஒட்டியே வச்சுக்கங்க, சூடு போகாம இருக்கட்டும்” என்று மகளிடம் சொன்னார். புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பையில் அந்த ரிப்போர்ட் இருந்தது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குழந்தையை வார்மரில் படுக்க வைத்துக்கொண்டே கேட்டார். “கடைசியா எப்போ நல்லாக் குடிச்சா?”

மகள் தயங்காமல் சொன்னாள். “நேத்து ராத்திரி மேடம். காலையில பத்து மணிலேருந்து சரியில்ல.”

நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். “டாக்டர், சி.ஆர்.பி நெகட்டிவ். நான் லேப் டெக்னீஷியன்தான்.”

வாங்கிப் பார்த்தார். “எத்தனை மணிக்கு எடுத்தது?”

“ஆறு மணி.”

“அப்ப இது ஆறு மணியோட நிலவரம்மா. நான் இப்ப இருக்குற குழந்தைக்கு வைத்தியம் பாக்கணும்” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

கையைச் சுத்தம் செய்து, கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கான பிளட் கல்ச்சர் பாட்டிலுக்கு ஒரு மில்லி ரத்தம் எடுத்தார்கள். அது முடிந்ததும் முதல் டோஸ் ஆன்டிபயாடிக். எந்த ரிசல்ட்டுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் சி.ஆர்.பி பார்த்தார்கள். லிட்டருக்கு 38 மில்லிகிராம். அதற்கு அடுத்த நாள் 64. பத்துக்குள் இருக்க வேண்டியது.

ரத்தம் பேச நேரமாகும்

இத்தனை வருடம் ஸ்லைடை ஆட்டிய எனக்கு, அந்த ஸ்லைடில் என்ன நடக்கிறது என்று யோசிக்கத் தோன்றியதே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டும், பிறகு தேடிப் படித்தும்தான் தெரிந்துகொண்டேன்.

ஊருக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் போலீஸுக்கு போன் போடுவார். அங்கிருந்து வண்டி கிளம்பி, நம் தெருவுக்கு வந்து, சைரன் சத்தம் நம் காதில் விழக் கொஞ்ச நேரம் ஆகும். உடம்பும் அப்படித்தான். ரத்தத்தில் பாக்டீரியா நுழைந்ததும் நம் வெள்ளை அணுக்கள் சில ரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. அதில் முக்கியமானது இன்டர்லூகின்-6. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கல்லீரல் சி.ஆர்.பி என்ற புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது. தொற்று தொடங்கி ரத்தத்தில் அதன் அளவு ஏறுவதற்கு 6 முதல் 12 மணி நேரம்வரை ஆகலாம். உச்சத்துக்குப் போக ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகும்.

நான் ஸ்லைடை ஆட்டியபோது திருடன் உள்ளேதான் இருந்தான். சைரன்தான் இன்னும் கேட்கவில்லை. சத்தம் கேட்காததால் திருடனே இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

இந்த சி.ஆர்.பி-யை 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டிலெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்ற பொருளோடு சேர்ந்து திரிந்ததால் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’ என்று பெயர் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது இதுதான். காரணம், விலை குறைவு. எங்களைப் போன்ற சின்ன லேபிலும் செய்ய முடியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொற்றே இல்லாமலும் சி.ஆர்.பி ஏறும். கஷ்டமான பிரசவம், பனிக்குட நீரில் கலந்த மலத்தைக் குழந்தை உள்ளே இழுத்துவிடுவது போன்ற காரணங்களாலும் ஏறலாம். அதாவது, நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. பாசிட்டிவ் என்றால் கிருமிதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் சீக்கிரம் ஏறும் வேறு எதையாவது பார்க்கலாமே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பார்க்கிறார்கள். போலீஸுக்குப் போன ‘போன் கால்’ என்று சொன்னேனே, அந்த இன்டர்லூகின்-6 மிக வேகமாக ஏறும். ஆனால் அதே வேகத்தில் இறங்கியும்விடும். நாம் ரத்தம் எடுக்கும் நேரத்துக்குள் அது வந்து போயிருக்கலாம். புரோகால்சிட்டோனின் என்று இன்னொன்று இருக்கிறது. சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். பாக்டீரியா தொற்றைக் காட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் பிறந்த முதல் இரண்டு நாட்களில், நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் அது இயல்பாகவே ஏறி இறங்கும். எத்தனை மணி நேரக் குழந்தை என்பதை வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். செலவும் அதிகம்.

அதனால்தான் நம் ஊர் டாக்டர்கள் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. மொத்த வெள்ளை அணுக்கள், அதில் நியூட்ரோஃபில் அணுக்களின் அளவு, முதிராத நியூட்ரோஃபில்கள் எத்தனை, ரத்தம் படியும் வேகம், சி.ஆர்.பி என்று ஐந்தையும் சேர்த்து ‘செப்சிஸ் ஸ்கிரீன்’ என்று பார்ப்பது இந்தியாவில் வெகுகாலமாக உள்ள வழக்கம். இரண்டோ அதற்கு மேலோ சரியில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். செப்சிஸ் என்பது ரத்தத்தில் கிருமி பரவி உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை.

முடிவான சாட்சி பிளட் கல்ச்சர்தான். கிருமி எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதுதான் சொல்லும். ஆனால் அதற்கு ஒன்றரை, இரண்டு நாள் வேண்டும். என் பேத்தி அளவு குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறத்தாழ 220 மில்லிதான். ஒரு டம்ளர். அதிலிருந்துதான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுக்க வேண்டும். ‘சும்மா ஒரு டெஸ்ட் பாத்துருவோம்’ என்று நான் அன்றைக்கு எடுத்த அந்த ரத்தத்தை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

வராந்தாவில் பதினைந்து நாள்

இரண்டாம் நாள் ராத்திரி கல்ச்சர் மெஷின் சிக்னல் கொடுத்தது. கிளெப்சியெல்லா என்ற கிருமி. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற விவரம் அதற்கு அடுத்த நாள் வந்தது. முதலில் கொடுத்த மருந்தில் ஒன்றை மாற்றினார்கள். மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியம், அது சுத்தமாக இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சேனை வைத்த விரலா, தூக்கிய கைகளா, நானேதானா? தெரியாது. நானும் யாரையும் கேட்கவில்லை.

டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நூற்றில் 14 குழந்தைகளுக்கு செப்சிஸ் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள். அங்கேயும் முன்வரிசையில் நின்ற கிருமிகளில் கிளெப்சியெல்லா ஒன்று. அவற்றில் பல கிருமிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவை. 2016-ல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது, வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்த அத்தனை அம்மாக்களின் முகமும் ஞாபகம் வந்தது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதற்கு, தேவையில்லாமல் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்கும் ஒரு காரணம். சந்தேகம் வந்தால் உடனே மருந்தைத் தொடங்கத்தான் வேண்டும். எப்போது நிறுத்துவது? இந்த ரத்தப் பரிசோதனைகளின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது.

பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் எங்களுக்கு நடந்த மாதிரியேதான், சந்தேகத்தில் மருந்து தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை சி.ஆர்.பி பார்த்தார்கள். இரண்டும் இயல்பு. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. குழந்தையும் நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “என்னங்க, அஞ்சு நாளாவது ஊசி போட வேண்டாமா?” என்று அந்தக் குழந்தையின் பாட்டி கேட்டார். “தேவையில்லாத ஊசி எதுக்கும்மா?” என்றார் டாக்டரம்மா.

நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு என நான்கு நாடுகளில் 1,710 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. புரோகால்சிட்டோனின் அளவைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்களுக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்த நேரம் சராசரியாக 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. பத்து மணி நேரம்தானே என்று தோன்றும். கையில் ஊசியோடு படுத்திருக்கும் பச்சிளம் குழந்தைக்கு அது பத்து மணி நேரம்.

ஒரே ஒரு தடவை பார்த்து ‘நோய் இல்லை’ என்று சொல்ல சி.ஆர்.பி ஆகாது. திரும்பத் திரும்பப் பார்த்து, ‘போதும், நிறுத்தலாம்’ என்று சொல்லத்தான் அது அதிகம் உதவும். 26 வருடம் அந்த ஸ்லைடை ஆட்டியவள் இதை வராந்தாவில் கற்றுக்கொண்டேன்.

என் பேத்திக்கு 64-லிருந்து 29, பிறகு 11, பிறகு 4 என்று இறங்கியது. மகள் அந்த எண்களைக் கேட்கவே மாட்டாள். “இன்னைக்கு அவளா வாயத் தொறந்து தேடுனாம்மா” என்றுதான் சொல்வாள். அவள் சொன்னதும், சீட்டில் எண் இறங்கியதும் ஒரே நாள். 14 நாள் மருந்து முடித்து, பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சிகிச்சைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை தரும் திட்டம் 2011 முதல் இருக்கிறது.

முதல் மார்க்கர் அம்மாதான்

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியின் ‘சர்ச்’ அமைப்பு செய்த வேலையை எனக்கு டாக்டரம்மாதான் சொன்னார். 1990-களில், ஆஸ்பத்திரி எட்டாத 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடம் லேப் கிடையாது, ஸ்லைடு கிடையாது. குழந்தை குடிக்கிறதா, அழுகை தளர்ந்துவிட்டதா, மூச்சு வேகமா, உடம்பு சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தே தொற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்தில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதம், அந்தத் திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிடும்போது, 62 சதவிகிதம் குறைந்தது. 1999-ல் லான்செட் இதழில் வெளியான கணக்கு இது.

கண்ணும் கையும் அவ்வளவு பெரிய கருவி. அன்றைக்கு என் மகளிடம் அது இருந்தது. என்னிடம் மெஷின் இருந்தது.

வீட்டில் ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இவற்றை ஞாபகத்தில் வையுங்கள். நன்றாகக் குடித்த குழந்தை குடிக்கத் திணறுவது அல்லது நிறுத்திவிடுவது. எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. கை, கால், வயிறு சில்லென்று இருப்பது. 99.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி, மூச்சு 60-க்கு மேல் போவது. மூச்சு விடும்போது முனகல், நெஞ்சு உள்ளே இழுப்பது. வெட்டு வருவது. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ். உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், நேராக ஆஸ்பத்திரி. லேபுக்கு அல்ல, மருந்துக் கடைக்கு அல்ல. போகும் வழியெல்லாம் குழந்தை அம்மாவின் மார்போடு ஒட்டி இருக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ‘சும்மா தூங்குறா’ என்று நாமே முடிவுகட்ட வேண்டாம்.

‘வீண் அலைச்சல்’

இப்போது என் லேபில் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ரத்தம் எடுத்த நேரத்தைப் பெரிதாக எழுதுகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைக் கொண்டுவந்தால் ஊசியைத் தொடுவதில்லை.

போன தை மாதம் ஒரு தம்பி, மனைவியும் பத்து நாள் குழந்தையுமாக பைக்கில் வந்தார். “அக்கா, புள்ள ரெண்டு வேளையா குடிக்கல. ஒரு டெஸ்ட் எடுத்துச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லன்னா வீட்டுக்குப் போயிருவோம்.”

“டெஸ்ட் இங்க வேணாம் தம்பி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“டெஸ்ட் எடுக்கத்தானே லேப் வச்சிருக்கீங்க?” என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, ஆட்டோவைப் பிடித்து, அவர்களோடு ஏறிக்கொண்டேன். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மேற்கொண்டு புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

நாலாம் நாள் அந்தத் தம்பி போன் செய்தார். இரண்டு தடவை ரத்தம் பார்த்தார்களாம், இரண்டும் இயல்பாம், கல்ச்சரிலும் ஒன்றும் இல்லையாம். குழந்தையை மார்பில் போடும் விதம் சரியில்லாமல் பால் இறங்கவில்லையாம். நர்ஸ் சொல்லிக்கொடுத்த பிறகு நன்றாகக் குடிக்கிறதாம்.

“ஒண்ணுமே இல்லக்கா. வீண் அலைச்சல்” என்றார்.

“வீண் அலைச்சலாவே இருக்கட்டும் தம்பி” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அங்கன்வாடி விட்டு வந்த என் பேத்தி லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பலாச்சுளை வேண்டுமாம். “இப்ப சீசன் இல்லடி தங்கம்” என்றேன். ‘அம்மாயி பொய் சொல்லுது’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நல்ல பலமான அழுகை. கொஞ்ச நேரம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.